போர்சிலின் ஃபர்னஸ் வாங்குமுன் எதைச் சோதிப்பது?

கேள்வி: மூன்று டெக்னீஷியன்கள் வேலை செய்யும் சிறிய பல் லேப் எங்களுடையது. உலோகத்தின் மேல் போர்சிலின் (பீங்கான்) ஏற்றும் கிரவுன், அதாவது பல் உறைதான் அதிகம். இப்போது ஸிர்கோனியா, லித்தியம் டைசிலிகேட் என்ற உலோகமில்லாத செராமிக் வேலைகளும் வர ஆரம்பித்திருக்கின்றன. போர்சிலினைச் சுடும் எங்கள் பழைய ஃபர்னஸில் (உலையில்) அதே பவுடர், அதே புரோகிராம் போட்டாலும் ஒரு நாள் நிறம் சரியாக வருகிறது, மறுநாள் பால் போல வெளுத்துவிடுகிறது. புதிதாக வாங்கலாம் என்றிருக்கிறோம். நம்பகமான ஃபர்னஸை எப்படி அடையாளம் காண்பது? பிரஸ் வசதியோடு வாங்க வேண்டுமா? பழையது வாங்கலாமா?

பதில்: அதே புரோகிராமில் இரண்டு நாள் இரண்டு விதமாக வருகிறது என்கிறீர்களே, புது ஃபர்னஸில் அந்தக் குறை இருக்கவே கூடாது. எத்தனை புரோகிராம் சேமிக்கலாம், திரை எவ்வளவு பெரியது, உச்ச வெப்பம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். விளம்பரத்தில் 1200 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். உங்கள் வேலை பெரும்பாலும் 750க்கும் 980க்கும் நடுவில்தான் நடக்கும். அந்த இடைவெளிக்குள் இன்றைக்கு 900 என்று காட்டியது நாளைக்கும் அடுத்த வருடமும் அதே சூடாக இருக்க வேண்டும்.

திரையில் தெரிவது தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி இருக்கும் இடத்தின் சூடு, கிரவுனின் சூடு அல்ல. மஃபிளின் (சூடேறும் உள்ளறையின்) ஹீட்டர் சுருள் ஒரு பக்கம் தளர்ந்தாலும் விரிசல் விட்டாலும் எண் மாறாது, ஆனால் தட்டின் ஓரத்தில் வைத்த கிரவுன் வேகாமல் வரும். தெர்மோகப்பிள் எந்த வகை என்று விற்பவரிடம் கேளுங்கள். பிளாட்டினம், ரோடியம் கலந்த எஸ் வகை பல காலம் நிலையாக இருக்கும். நிக்கல் சார்ந்த கே வகை மலிவு, ஆனால் அதிக சூட்டில் உழைக்க உழைக்க அளவு நகர்ந்துவிடும். அதைவிட முக்கியம், கேலிபரேஷனை, அதாவது காட்டும் சூட்டைச் சரிபார்த்துத் திருத்துவதை, நீங்களே செய்ய முடியுமா என்பது. தூய வெள்ளி 961.8 டிகிரியில் உருகும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் வெள்ளிக் கம்பி வைத்துச் சோதிக்கும் முறையைத் தருகிறார்கள். காற்று இருந்தால் வெள்ளி ஆக்சிஜனை உறிஞ்சிச் சற்று முன்னதாகவே உருகிவிடும், ஆகவே அவர்கள் சொன்ன முறையை அப்படியே பின்பற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஆள் வந்துதான் கேலிபரேட் செய்ய வேண்டும் என்றால் அந்த மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது வேக்குவம், அதாவது சுடும்போது உள்ளே இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி எடுப்பது. பவுடர் துகள்கள் உருகி ஒட்டுவதற்குள் இடையில் இருக்கும் காற்று வெளியேற வேண்டும். இல்லையென்றால் நுண்ணிய குமிழ்களாக உள்ளேயே தங்கி, ஒளியைச் சிதறடித்து, போர்சிலினை மங்கலாக்கும். நீங்கள் சொல்லும் வெளுப்புக்கு இதுவும் காரணமாகலாம், சூடு குறைந்ததும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. கிளியர் (நிறமில்லாத) பவுடரில் சிறிய வில்லை ஒன்று செய்து சுட்டுப் பாருங்கள். பாலாகவும் சுண்ணாம்பு போலவும் இருந்து, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் சூடு போதவில்லை. மேற்பரப்பு பளபளவென்று வந்து உள்ளே மட்டும் மேகமூட்டமாக இருந்தால் வேக்குவத்தைச் சந்தேகியுங்கள். விளிம்பு உருண்டு கண்ணாடி மாதிரி வழிந்திருந்தால் சூடு அதிகம்.

வேக்குவம் குறைந்ததும் உடனே பம்பைக் குறை சொல்கிறோம். பல நேரம் அடைப்பு வளையத்தில் ஒட்டிய பவுடர் தூசிதான் காரணம். வாங்கும்போது வேக்குவம் இழுத்து, பம்பை நிறுத்தி, அளவு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனை புரோகிராமாகவே உள்ளே இருந்தால் நல்லது. கடல் மட்டத்திலிருந்து உயரமான ஊரில் மானி குறைந்த எண்ணைத்தான் காட்டும், அது பழுது அல்ல.

ஸிர்கோனியா வேலைக்கு வெப்பத்தை ஏற்றுவதைப் போலவே இறக்குவதும் முக்கியம். ஸிர்கோனியா சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். சட்டென்று திறந்தால் மேல் போர்சிலின் முதலில் இறுகி, உள்ளே அழுத்தம் நின்று, பிற்பாடு வாயில் வைத்தபின் சில்லு பெயரும். எனவே மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து, நீங்கள் குறிப்பிடும் சூடு வரை மெதுவாக ஆறவைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். ஸிர்கோனியாவைச் சின்டரிங் செய்ய, அதாவது சுட்டு இறுக்கிக் கெட்டியாக்க, இந்த ஃபர்னஸ் உதவாது. அதற்கு 1450 முதல் 1550 டிகிரி வரை தேவை, அது தனிக் கருவி.

பிரஸ் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். லித்தியம் டைசிலிகேட்டை மில் செய்து (இயந்திரத்தில் கடைந்து), இன்னும் முழுதாகப் படிகமாகாத நீல நிறத்தில் வாங்கி, படிகமாக்கும் வேலை மட்டும் என்றால், ஏறக்குறைய 840, 850 டிகிரியில் நன்றாக வேக்குவம் தரும் சாதாரண ஃபர்னஸே போதும். கட்டியை உருக்கி அச்சுக்குள் அழுத்தும் வேலை வருமென்றால்தான் பிரஸ். அந்த வேலை தினமும் இருந்தால் கூட்டுக் கருவி வாங்காமல் இரண்டையும் தனித்தனியாக வாங்குவதே என் கருத்து. பிரஸ் ஓடும் நேரம் முழுக்கப் போர்சிலின் வேலை நிற்கும், இன்வெஸ்ட்மென்ட் என்ற அச்சுப் பொருளின் தூசியும் மஃபிளுக்குள் சேரும்.

பழையது வாங்கலாம், மஃபிளும் தெர்மோகப்பிளும் மாற்றிய பின் என்றால். அந்த மாடலுக்கு உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இவோக்ளார், வீட்டா, டெகேமா போன்ற நிறுவனங்களின் கருவி என்றாலும் இதே கேள்விதான். முன்பு வெள்ளி அதிகம் கலந்த உலோகத்தைச் சுட்ட மஃபிள் என்றால் போர்சிலினில் மஞ்சளும் பச்சையும் ஏறும். வெறும் ஃபர்னஸை உயர்ந்த சூட்டில் ஓட்டிச் சுத்தம் செய்தாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது.

பணம் கொடுக்குமுன் உங்கள் சொந்த பவுடரை எடுத்துக்கொண்டு போய்ச் செய்து பாருங்கள். ஃபர்னஸ் ஆறியிருக்கும்போது முதல் சுடுதல், பின் இடைவிடாமல் நான்கைந்து சுடுதல். ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு வில்லை, ஓரங்களில் மூன்று. முதல் வில்லையும் கடைசி வில்லையும், நடுவும் ஓரமும் ஒரே மாதிரி இருந்தால் அந்த ஃபர்னஸை வாங்கலாம். சுடும்போது ஒரு நிமிடம் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, நிறுத்திவிட்டு எச்சரிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய ஃபர்னஸின் எண்களைப் புதியதில் அப்படியே போடாதீர்கள். பவுடர் தயாரிப்பாளரின் அட்டவணையிலிருந்து ஆரம்பித்து, வில்லை சுட்டு, ஐந்து ஐந்து டிகிரியாகத் திருத்துங்கள். ஓபேக் (உலோகத்தை மறைக்கும் அடிப்பூச்சு), டென்டின் (பல் நிறம் தரும் அடுக்கு), கிளேஸ் (மேல் பளபளப்பு) மூன்றும் சரியாகும்வரை பழைய ஃபர்னஸை விற்காமல் வைத்திருங்கள்.