மகள் ஒன்பதாம் வகுப்பில் லத்தீன் 1 எடுக்கிறாள், என்ன எதிர்பார்க்கலாம்?

அமெரிக்கப் பள்ளிகளில் லத்தீன் 1 என்பது பெரும்பாலும் படித்துப் புரிந்துகொள்ளும் வகுப்பு, ஸ்பானிஷ் வகுப்பு மாதிரி பேச்சுப் பயிற்சி அதிகம் இருக்காது. சிறு சிறு கதைப் பத்திகள், அடிக்கடி சொற்களுக்குக் குட்டித் தேர்வு, வேற்றுமை அட்டவணைகள், நடுநடுவே கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய், ரோமானியக் கடவுளர் கதைகள்.

கஷ்டம் வேற்றுமையில்தான். ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. 'புயெல்லா அக்ரிகொலம் அமத்' என்றால் சிறுமி விவசாயியை நேசிக்கிறாள். முதல் இரண்டு சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது, ஏனென்றால் நம் 'ஐ' உருபு செய்கிற வேலையை அங்கே 'அம்' என்ற முடிவு செய்கிறது. இதை முதல் வாரமே அவளுக்குக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், பெயர்ச்சொல்லை ஒற்றை வடிவத்தில் மனப்பாடம் செய்ய விடவே விடாதீர்கள். அரசனுக்கு 'ரெக்ஸ்' என்று மட்டும் படித்தால் பாடத்தில் 'ரேகெம்' (அரசனை) வரும்போது முழிப்பாள், 'ரெக்ஸ், ரேகிஸ்' என்று ஆறாம் வேற்றுமையோடு சேர்த்துப் படித்தால்தான் அடிச்சொல் கைக்கு வரும். ஆசிரியர் இரண்டையும் எழுதச் சொல்வதும், ஒன்றை விட்டால் மதிப்பெண் குறைப்பதும் இதனால்தான்.

தேசிய லத்தீன் தேர்வு என்று 40 கேள்விகளோடு ஒன்று உண்டு, பள்ளி சேர்த்தால் எழுதட்டும். தேர்வுக்கு முந்தின இரவு உட்கார்ந்து படித்தால் இந்தப் பாடம் நிற்காது, தினமும் கால் மணி நேரம் அட்டவணையைக் கையால் எழுதட்டும்.