பொம்மை வரைந்து பிழைக்க முடியுமா?

அம்மா, பிளஸ் டூ முடிக்கப்போகும் மகள் அனிமேஷன் படித்து, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றிப் படம் எடுப்பேன் என்கிறாள். "பொம்மை வரைஞ்சு பிழைக்க முடியுமா சார்?" என்று கேட்டீர்கள். போனை வைக்கும் முன் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டீர்கள்: "இவளுக்கே ஏதாவது நடந்திருக்குமோ?"

அதை முதலில் பார்ப்போம். பள்ளியில் கேட்டது, செய்தியில் படித்தது மனதைக் குடைந்தும் பிள்ளைகள் இப்படிக் கிளம்புவார்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். "எதுவானாலும் சொல்லு, உன்னைத் திட்ட மாட்டேன்" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அப்படி ஏதாவது சொன்னால் 1098-ஐ அழையுங்கள். 18 வயது நிறையாதவர்களுக்கான உதவி எண் அது.

இனி படிப்பு. இருவருமாக யூடியூபில் 'கோமல்' பாருங்கள். குழந்தைகளுக்கு உதவும் சைல்டுலைன் அமைப்பின் பத்து நிமிட அனிமேஷன், தேசிய விருது பெற்றது. ஏழு வயதுச் சிறுமி; தப்பு செய்பவர் வீட்டார் நம்பிய பக்கத்து வீட்டுக்காரர். இதையே நடிகர்களை வைத்து எடுத்தால் ஒரு நிஜக் குழந்தையை அந்தக் காட்சியில் நிறுத்த வேண்டியிருக்கும். வரைந்தால் அந்தக் கொடுமை இல்லை. உண்மைச் சம்பவம் என்றால் மட்டும் கவனம் தேவை: பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் ஊடகத்தில் வெளிவருவதை, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிறது. முகத்தை மாற்றி வரைந்தாலும் சீருடையின் நிறம் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கையால் வரைவதென்றால் நொடிக்கு 12 படம். பத்து நிமிடத்துக்கு 7,200. பொறுமை இருக்கிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அதைவிட முக்கியம், எதை வரையாமல் விடுவது என்று தெரிவதுதான்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். விழிப்புணர்வுப் படத்தை மட்டும் நம்பினால் அடுப்பெரியாது. விளம்பரம், கேம், சினிமாவுக்கான விஎஃப்எக்ஸ் (கணினிக் காட்சி) வேலைதான் சோறு போடும். தொண்டு நிறுவனப் படங்கள் நடுநடுவே வரும். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியில் அனிமேஷனுக்கு நான்காண்டு பி.டெஸ் (வடிவமைப்புப் பட்டம்) இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை தரமணியில் அரசு திரைப்பட நிறுவனத்திலும் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது. 'நூறு சதவீத வேலை' என்று பலகை வைத்த இடத்தில் மாணவர்கள் எடுத்த படத்தைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள்; சுவரில் மாட்டிய போட்டோ வேண்டாம்.

பாப்பாவுக்கு ஒரு வேலை. குழந்தையின் தோளில் பெரியவரின் கை: இரண்டு படம். இரண்டிலும் கை ஒன்றுபோலவே இருக்கட்டும். ஒன்று ஆறுதலாக, மற்றது அச்சமாகத் தெரிய வேண்டும், குழந்தையின் தோளை மட்டும் மாற்றி. வரைந்ததை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை இருவரும் வாருங்கள்.