முதுகெலும்பு உடைந்த பிறகும் கடலா?

கேள்வி: சாகசப் பயணத்தில் அடிபட்டும் விடாமல் மறுபடி கிளம்பியவர் நம் நாட்டில் உண்டா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஏன் இல்லை? அபிலாஷ் டோமி இருக்கிறாரே! கடற்படை அதிகாரியாக இருந்தவர். 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில், ஜிபிஎஸ் இல்லாமல், தனி ஆளாக, எங்கும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பினார். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயல் படகைப் புரட்டிப்போட, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பும் உடைந்து, நகர முடியாமல், குடித்ததெல்லாம் வாந்தியாக, பிரெஞ்சுக் கப்பல் வரும்வரை படகுக்குள்ளேயே கிடந்தார். அப்புறம் முதுகில் டைட்டானியம் கம்பி. வேறு யாராவது என்றால் கடல் பக்கமே போயிருக்க மாட்டார்கள் (நானெல்லாம் மெரினாவோடு சரி). இவரோ 2022இல் அதே பந்தயத்துக்குப் போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண், கிர்ஸ்டன் நியூஷாஃபர். அது தனிக் கதை, அடுத்த வாரம் யாராவது கேளுங்கள்.