மாமாங்கம் என்றால் எத்தனை வருஷம்?

அன்புள்ள ஐயா,

"உன்னைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆச்சு" என்பது என் மாமியார் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. அது எத்தனை வருஷம் என்று என் மகன் கேட்டான். 12 என்றேன். ஏன் 12, இதில் மாமா எங்கே வந்தார் என்று அடுத்த கேள்வி. விளக்குவீர்களா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்ன 12 சரிதான். மாமாவுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை. கும்பகோணத்து மகாமகம்தான் பேச்சில் மாமாங்கம் ஆயிற்று. மகம் ஒரு நட்சத்திரம், சிம்ம ராசியில் இருப்பது.

மாசியில் சூரியன் கும்ப ராசியில் இருக்கும். பௌர்ணமி என்றால் நிலா சூரியனுக்கு நேர் எதிரே வர வேண்டும். கும்பத்துக்கு எதிர் ராசி சிம்மம். அதனால்தான் மாசிப் பௌர்ணமியை ஒட்டி நிலா மகத்துக்கு வருகிறது. இது வருஷா வருஷம் வரும் மாசி மகம். வியாழனும் சிம்மத்தில் இருக்கும் வருஷத்தில் அதுவே மகாமகம். வியாழன் ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கி, 12 ராசிகளையும் சுற்றி வருகிறது. மாமாங்கத்தின் 12 அதுதான்.

உங்கள் மகனுக்குக் கணக்கு பிடிக்குமென்றால் இதையும் சொல்லுங்கள்: வியாழனின் சுற்று சரியாக 12 வருஷம் இல்லை, 11.86. அந்தக் குறைவு சேர்ந்து சேர்ந்து, எப்போதாவது ஒரு மகாமகம் 11 வருஷத்திலேயே வந்துவிடும்.

கேரளத்தில் திருநாவாயாவில், பாரதப்புழைக் கரையில் முன்பு நடந்த மாமாங்கமும் 12 வருஷத்துக்கு ஒருமுறைதான்.

இன்று நாம் 'ரொம்ப நாள்' என்ற பொருளில் அந்தச் சொல்லைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். எங்கள் பாட்டிக்கு அது நிஜமான கணக்கு. பிறந்த தேதி அவளுக்குத் தெரியாது. "மாமாங்கத்துக்கு மறுவருஷம் பொறந்தவ" என்பாள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் ரேஷன் கார்டில் அவள் வயதை எழுதினோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, வியாழனின் சுற்றை வைத்துத் தன் வயதைச் சொன்னாள். எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிரியம் வந்தது அவளால்தான்.

கடைசி மகாமகம் 2016இல் நடந்தது. அடுத்தது 2028 மாசியில். அந்தப் பௌர்ணமி இரவில் மகனை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். வியாழனும் அப்போது சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கும், அதனால் பொழுது சாயும்போதே கிழக்கில் எழுந்துவிடும். முழுநிலாவின் பக்கத்தில் கண் சிமிட்டாமல் ஒளிரும் அந்தப் புள்ளியைக் காட்டுங்கள்.

அன்புடன்