பக்கத்து வண்டிக் கதவு படும் இடம்

மோட்டார் பகுதி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் கொரோலா குவெஸ்ட் காரின் 4 கதவுகளிலும் கறுப்பு மோல்டிங் (கதவின் குறுக்கே ஓடும் பாதுகாப்புப் பட்டை) ஒட்டியிருக்கிறது. அப்படியும் மால் பார்க்கிங்கில் நிறுத்தி எடுத்தால் கதவில் புதிதாக ஒரு சின்னப் பள்ளம். மோல்டிங் மட்டமான சரக்கா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

சரக்கில் குறை இருக்காது. ஒட்டிய உயரம்தான் தப்பு. அழகுக்காக வரும் மோல்டிங்குகளில் பல, கதவின் கீழ்ப்பகுதியில், முழங்காலுக்கும் கீழே ஒட்டப்படுகின்றன. சக்கரம் தெறிக்கும் கல்லை அவை தடுக்கும். பக்கத்தில் நிற்கும் பேக்கியின் (பிக்-அப் வண்டியின்) கதவு வந்து படுவது அதற்கு வெகு மேலே.

இடம் எவ்வளவு என்று பாருங்கள். நம் தென்னாப்பிரிக்காவில் பார்க்கிங் கட்டம் பொதுவாக 2.5 மீட்டர் அகலம். ஹைலக்ஸ் டபுள் கேப் பேக்கி 1.855 மீட்டர், உங்கள் குவெஸ்ட் ஏறக்குறைய 1.78 மீட்டர். இரண்டும் கோட்டுக்கு நடுவில் ஒழுங்காக நின்றாலே இடையில் 68 செ.மீ. தான் மிஞ்சும். இடுப்பில் குழந்தையோடு ஒருவர் இறங்கினால் கதவு உங்கள் கதவைத் தொடாமல் திறக்காது. பார்க்கிங்கில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் கார் கார்டுக்குக் காசு கொடுக்கலாம். ஒவ்வொரு கதவையும் பிடித்துக்கொண்டு நிற்க அவரால் ஆகாது.

ஆகவே முதலில் அளவெடுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது, அல்லது இரவில் டியூப் லைட் வெளிச்சம் கதவில் ஓடும்படி நிறுத்தி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பழைய பள்ளங்கள் எல்லாம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் புள்ளி வைத்து, தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று எழுதுங்கள். புள்ளிகள் எங்கே கூட்டமாக விழுகின்றனவோ அங்கேதான் மோல்டிங் வேண்டும். ஒன்றிரண்டு தனியாக மேலே இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் உயரம் என்று ஒன்று கிடையாது.

அடுத்து, நீளமான ரசமட்டத்தைக் கதவின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அது தொடும் இடம்தான் கதவின் வயிறு, வெளியே மிகவும் துருத்தி நிற்கும் பகுதி. மோல்டிங் ஒட்ட நினைக்கும் இடத்தில் மட்டத்துக்கும் கதவுக்கும் இடைவெளி எவ்வளவு? 6 மி.மீ. இடைவெளி இருக்கும் இடத்தில் 6 மி.மீ. தடிமனுள்ள மோல்டிங்கை ஒட்டினால் அது வயிற்றுக்குச் சமமாகத்தான் நிற்கும்; தடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இடைவெளியைக் கழித்த பிறகும் 4, 5 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். முடிந்தால் வயிற்றின் மேலேயே ஒட்டிவிடுவது உத்தமம்.

கேள்வி: கடையில் ஒட்டக் கேட்கும் கூலி மோல்டிங் விலையைவிட அதிகம். நானே ஒட்டிக்கொள்ள முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகி, டோங்காட்

தாராளமாக ஒட்டலாம். ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும், துடைப்பதற்குத்தான் அரை நாள் ஆகும்.

4 கதவுள்ள சாதாரணக் காருக்கு முன்கதவு ஒன்றுக்கு ஏறக்குறைய 1 மீட்டர், பின்கதவுக்கு 75 முதல் 80 செ.மீ. ஆக மொத்தம் மூன்றரை மீட்டர் சொச்சம். வெட்டும்போது வீணாவதையும் சேர்த்து 5 மீட்டர் சுருளாக வாங்குங்கள். அகலம் 40 முதல் 50 மி.மீ., தடிமன் 8 மி.மீ., பின்புறம் அக்ரிலிக் ஃபோம் டேப் (இருபுறமும் பசையுள்ள மெத்தென்ற டேப்) ஏற்கெனவே ஒட்டி வந்ததாக இருக்கட்டும். கூடவே மாஸ்கிங் டேப், அரை லிட்டர் ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணிகள் நாலைந்து, புதிய பிளேடு, ஹேர் டிரையர். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். சில வகைகளில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள். துடைத்த இடத்திலேயே எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். தின்னர் பெயின்டைக் கெடுக்கும்.

மெழுகு கலக்காத சோப்பால் கதவைக் கழுவி உலர விடுங்கள். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால் தார்த் துளியோ தூசோ ஒட்டியிருக்கிறது. கிளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) கொண்டு எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். பிறகு ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஈரத்துணியால் ஒரே திசையில் துடைத்து, அது தானாகக் காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காய விட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே மறுபடி படியும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது.

கோடு போடும்போது தரையை நம்பாதீர்கள். நம் வீட்டு டிரைவ்வேக்களில் சாய்வு இல்லாதது அபூர்வம். கதவில் ஓடும் மடிப்புக்கோடு ஒன்றிலிருந்து சம தூரம் அளந்து, அந்த இடத்தில் மாஸ்கிங் டேப்பை முன்கதவிலிருந்து பின்கதவு வரை ஒரே இழுப்பில் ஒட்டி, 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை, திருத்துங்கள்.

பலரும் கோட்டை விடுவது கதவின் முன் விளிம்பில்தான். கதவு திறக்கும்போது அதன் முன் விளிம்பு உள்நோக்கித் திரும்பும். மோல்டிங் அந்த விளிம்பு வரை போனால் முன் ஃபெண்டரை (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை) உரசிப் பெயின்டைச் சுரண்டும். முன் விளிம்பிலிருந்து 10 முதல் 12 மி.மீ., பின் விளிம்பிலிருந்து 4, 5 மி.மீ. உள்ளே நிறுத்துங்கள், முனைகளைச் சரிவாகச் சீவிவிடுங்கள். பசைத்தாளை உரிக்கும் முன் மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாகப் பிடித்து, கதவை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். பின்கதவுக்கும் இதே சோதனை.

ஒட்டும்போது தாளை முழுவதும் உரித்துவிட வேண்டாம். ஒரு முனையில் 5 செ.மீ. உரித்து, தாளை வெளியே மடித்து விட்டு, மோல்டிங்கைக் கோட்டில் பொருத்திய பின் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடியே அழுத்திக்கொண்டு போங்கள். மோல்டிங்கை இழுத்து நீட்டாதீர்கள். நீட்டி ஒட்டியது சில நாளில் சுருங்கும், முனைகள் தூக்கிக்கொள்ளும். இந்தப் பசை அழுத்தத்தால் பிடிப்பது. ஒவ்வோர் அங்குலத்தையும் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள்.

மிதமான சூட்டில் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு, 24 மணி நேரத்தில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுப் பிடிப்பு வரும். அந்த 3 நாளும் கார் கழுவக் கூடாது. ஜனவரிக் கோடை வெயிலில் காய்ந்த கதவில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், எடுத்துத் திருத்த வழியில்லை. நிழலில், 21 முதல் 38 டிகிரிக்குள் இருக்கும் நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: ஜூலையில் ஒட்டினேன். இரண்டே வாரத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தொங்குகிறது. டேப் போலியா?
– வாசகர், லெனேசியா

டேப் எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். மோல்டிங்கோடு வந்துவிட்டு, கதவு சுத்தமாக இருந்தால் குற்றம் கதவுப் பக்கம்: குளிர், பனி ஈரம், மெழுகு, செராமிக் கோட்டிங், டயர் பளபளப்புக்கு அடித்த சிலிக்கான், இவற்றில் ஏதோ ஒன்று. கதவிலேயே டேப் தங்கி, மோல்டிங் மட்டும் கழன்றிருந்தால் அதன் பிளாஸ்டிக் பசை பிடிக்காத இனம். மோல்டிங்கின் பின்புறம் அடீஷன் புரமோட்டர் (பசை பிடிக்க உதவும் திரவம்) தடவிப் புது டேப் போட வேண்டும். ஃபோம் நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் பாதி பாதி இருந்தால் பசை நன்றாகப் பிடித்திருந்தது. மோல்டிங் இழுவிசையில் இருந்திருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று மாட்டி இழுத்திருக்கிறது.

உங்கள் ஊரின் ஜூலைக் காலைக் குளிரை நினைத்தால் முதல் காரணம்தான் என்று தோன்றுகிறது. கதவுத் தகடு 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் பசை விறைத்துப்போய்ப் பெயின்டின் மேல் பரவாது. பிற்பகலில் ஒட்டுங்கள். ஹேர் டிரையரால் கதவையும் டேப்பையும் கை பொறுக்கும் சூடாக்கிக்கொண்டு ஒட்டி, அன்றிரவு வண்டியைக் கராஜுக்குள் வையுங்கள். கழன்ற டேப்பை மறுபடி அழுத்தி ஒட்ட முயல வேண்டாம். முழுக்க உரித்துப் புதியது போடுங்கள்.

கேள்வி: பசை வம்பே வேண்டாம், ரிவிட் அடித்துவிட்டால்?
– வாசகர், பீனிக்ஸ்

வேண்டாம். கடற்காற்று அடிக்கும் ஊரில் கதவில் போடும் ஒவ்வொரு துளையும் துருவுக்கு விடும் அழைப்பு. உள்ளே கண்ணாடி இறங்கும் பாதையும் ஒயர்களும் வேறு இருக்கின்றன.

கேள்வி: பழைய மோல்டிங்கை எடுத்துவிட்டுச் சரியான உயரத்தில் புதியது போட வேண்டும். பெயின்ட் உரியாமல் எப்படி எடுப்பது?
– வாசகர், வெருலம்

ஹேர் டிரையரால் ஒரு முனையைச் சூடாக்கி, மீன் பிடிக்கும் நரம்பை மோல்டிங்குக்குப் பின்னால் விட்டு, ரம்பம் போல இடமும் வலமும் இழுத்து அறுத்துக்கொண்டே போங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தகடு நெளியும். மிஞ்சும் பசையைச் சூடாக்கிக் கட்டைவிரலால் உருட்டினால் பெரும்பகுதி வந்துவிடும். மீதிக்குப் பசை நீக்கும் திரவம் போட்டு, கடைசியில் ஆல்கஹால் கலவையால் துடையுங்கள்.

வண்டி பழையது என்றால் அந்த இடத்தில் பெயின்ட் சுற்றியுள்ளதைவிடப் புதிதாகத் தெரியும். பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும், முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது. கதவு எப்போதாவது மறு பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால் இன்னும் நிதானம் தேவை. கம்பெனிப் பெயின்ட் போல அது பிடித்திருக்காது, டேப்போடு தோலாக உரியக்கூடும். பேனல் பீட்டரிடமிருந்து (தகடு நிமிர்த்திப் பெயின்ட் அடிப்பவரிடமிருந்து) இப்போதுதான் வந்த கதவு என்றால் 30 நாளாவது ஆறவிட்டு ஒட்டுங்கள். பழைய பள்ளங்களை எடுக்கும் எண்ணம் இருந்தால் மோல்டிங் ஒட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். பள்ளத்தின் மேல் ஃபோம் டேப் படியாது. அந்த வெற்றிடத்தில்தான் தண்ணீர் நிற்கும்.

கேள்வி: கறுப்புப் பட்டை அழகைக் கெடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் ஒட்டினால் போதாதா?
– வாசகி, உம்ஷ்லாங்கா

ஃபிலிம் கீறலைத் தடுக்கும், பள்ளத்தைத் தடுக்காது. அதன் தடிமன் ஏறக்குறைய 0.2 மி.மீ.; கதவு வந்து இடிக்கும் வேகத்தை உள்வாங்க அதில் ஒன்றுமில்லை. கதவின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த மோல்டிங் கிடைக்கிறது, அதைப் பாருங்கள். ஃபிலிமுக்குச் சரியான இடம் உங்கள் கதவின் பின் விளிம்பு, அதாவது நீங்கள் பிறர் வண்டியை இடிக்கும் இடம். அங்கே மாட்டுகிற, உள்ளே இரும்புப் பட்டை வைத்த ரப்பர் விளிம்புகள் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். கடலோரத்தில் அவற்றைவிட ஃபிலிமே மேல்.

கேள்வி: நிறுத்தும்போது மட்டும் மாட்டி, கிளம்பும்போது கழற்றும் காந்தப் பட்டைகள் எப்படி?
– வாசகர், இசிப்பிங்கோ

ஈஸ்டரில் மாரியம்மன் கோயில் பக்கம் வண்டி நிறுத்துகிறவருக்கு ஆசை வருவது நியாயம்தான். தடிமனான ஃபோம் என்பதால் பள்ளத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் கதவில் தூசி இருக்கும்போது மாட்டினால் அந்தத் தூசியே உப்புத்தாளாக மாறித் தேய்க்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துத்தான் மாட்ட வேண்டும். ரேஞ்ச் ரோவர் போன்ற அலுமினிய உடல் வண்டிகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. பட்டையோடு வரும் கயிற்றைக் கதவுக்குள் விட்டுப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது பட்டை இருக்காது. மழையில் நனைந்ததைக் கதவிலேயே இரவெல்லாம் விட்டுவைக்கவும் கூடாது.