பிந்தியதை முதலில் ஆடியவருக்கு முந்திய ஆட்டம்

கேள்வி: 'காசில்வேனியா' வீடியோ கேம் வரிசையில் 'ஏரியா ஆஃப் சாரோ' ஆட்டத்தை இரண்டு முறை முடித்துவிட்டேன். அவ்வளவு பிடித்துப்போயிற்று. அதே தொகுப்பில் இருக்கிறதே என்று, அதற்கு முன்னால் வந்த 'ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸ்' ஆட்டத்தைத் தொடங்கினேன். நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. இசை காதைக் குடைகிறது. நிறங்கள் கண்ணைக் கூசுகின்றன. ஆயுதம் என்று பார்த்தால் கடைசிவரை ஒரே சாட்டைதான் போலிருக்கிறது. போதாக்குறைக்கு, ஏற்கெனவே சுற்றிவந்த அறை மாதிரியே இருக்கும் இடத்தை வரைபடம் புதிய அறை என்கிறது. எங்கேயோ ஒரு கதவைத் தவறவிட்டேனா? தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: வரைபடத்தில் கோளாறு இல்லை. உங்களுக்கு மறதியும் வந்துவிடவில்லை. நீங்கள் சுற்றிக்கொண்டிருப்பது இரண்டு கோட்டைகளில். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அமைப்பு. சுவரின் நிறமும் எதிரிகளும்தான் வேறு. ஆட்டம் இதை வேண்டுமென்றே மறைத்து, நீங்கள் அறியாமலே உங்களை ஒன்றிலிருந்து மற்றதற்குள் அனுப்பிவிடுகிறது. மரணம் என்ற பெயரிலேயே வருகிற பாத்திரத்தை எதிர்கொள்ளும்வரை நாயகன் ஜஸ்ட் பெல்மாண்டுக்கும் இது தெரியாது. ஒரு திருப்பத்தைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று கோபப்படாதீர்கள். நான் இதை முதன்முறை பாதியில் மூடிவைத்தது சரியாக இந்த இடத்தில்தான். காரணம் தெரிந்திருந்தால் அன்றே முடித்திருப்பேன்.

இனி நிறத்துக்கும் இசைக்கும் வருவோம். உங்கள் காதும் கண்ணும் சொல்வது சரிதான், ஆனால் இரண்டுக்கும் ஒரு கதை உண்டு. இந்த ஆட்டங்கள் முதலில் வந்த கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸ் 2001இல் வந்தபோது அதன் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. கருவியோடு சேர்ந்தே வந்த, இதே வரிசையின் 'சர்க்கிள் ஆஃப் தி மூன்' நல்ல ஆட்டம்தான். ஆனால் இருண்ட கோட்டையை வெளிச்சமில்லாத திரையில் பார்க்க விளக்கடியைத் தேடிப் போகவேண்டியிருந்தது. அந்தக் குறை காதில் விழுந்ததால் 2002இல் 'ஹார்மனி'யைத் தயாரித்த இகராஷி கோஜியின் குழு எதிர்த்திசையில் போயிற்று. வண்ணங்களை அள்ளிப் பூசினார்கள். எந்தப் பின்னணியிலும் நாயகன் தொலைந்துவிடாமல் இருக்க, அவனைச் சுற்றி ஒரு நீல விளிம்பையே வரைந்தார்கள். மங்கலான திரையில் பளிச்சென்று தெரிவதற்காகக் கலந்த வண்ணத்தை நீங்கள் இன்றைய ஒளிரும் திரையில் பார்க்கிறீர்கள். கூசாமல் என்ன செய்யும்? வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, படத்தைத் திரை முழுவதும் இழுக்காமல் சிறிய அளவில் வைத்து ஒரு மணி நேரம் ஆடிப்பாருங்கள். மூலத் திரை 240க்கு 160 புள்ளிகள் மட்டுமே கொண்டது. சுவர் ஓவியங்களும், அறைக்கு அறை பின்னால் நகரும் காட்சிகளும் அந்தச் சிறிய அளவில்தான் கூடிவருகின்றன.

இசைக்கு அப்படி ஒரு பரிகாரம் இல்லை. அந்தக் கருவியில் பதிவு செய்த ஒலிகளை இசைக்க இரண்டு தடங்கள் உண்டு. பழைய கேம் பாயிலிருந்து வந்த நான்கு எளிய தடங்களும் உண்டு. காட்சிக்கே கருவியின் உழைப்பு பெரும்பாலும் போய்விட்டதால், 'ஹார்மனி'யின் இசை அந்தப் பழைய தடங்களின் மேல் சாய்ந்து நிற்கிறது. கீச்சென்று கேட்பது அதனால்தான். மெட்டுகள் மோசமில்லை, உடுத்தியிருப்பது கந்தல், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே 'ஏரியா'வில் இதைச் சரிசெய்துவிட்டார்கள், அதைக் கேட்டுவிட்டு வந்ததால் உங்களுக்கு இரட்டிப்பாக உறுத்துகிறது. ஒலியைப் பாதியாகக் குறையுங்கள். முழுக்க அணைக்காதீர்கள், எதிரி ஓங்கும் ஓசை ஆட்டத்துக்குத் தேவை.

உங்கள் மூன்றாவது குறையில்தான் நான் முரண்படுகிறேன். 'ஏரியா'வின் நாயகன் சோமா குரூஸ் வாளும் ஈட்டியும் கோடரியும் மாற்றிமாற்றி எடுப்பான். எதிரிகளின் ஆன்மாக்களைச் சேர்ப்பான். அந்த ஆட்டத்தின் ருசி சேகரிப்பில் இருக்கிறது. 'ஹார்மனி'யின் ருசி நடையில் இருக்கிறது. கருவியின் தோள்பட்டைப் பொத்தான்கள் இரண்டும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை: இடது பொத்தான் பின்னால் வழுக்கும், வலது பொத்தான் முன்னால் பாயும். சோமாவுக்கு இப்படி எப்போதும் கைவசம் இருக்கும் முன்பாய்ச்சல் இல்லாததால், வலது பொத்தானின் இந்தப் பயனை உங்கள் விரல் இன்னும் கண்டுகொண்டிருக்காது.

இதை இப்போதே செய்து பாருங்கள். நீளமான ஒரு கூடம். எதிரே ஒரு கவச வீரன். முன்பாய்ச்சலில் அவனை நெருங்குங்கள். அவன் ஆயுதத்தை ஓங்கும் கணத்தில் இடது பொத்தான். வீச்சு காற்றில் போகும். அவன் கை கீழே இறங்கி முடிவதற்குள் வலது பொத்தான், சாட்டை, மறுபடியும் இடது. நான்கைந்து எதிரிகளை இப்படிக் கடந்தால் ஒரு தாளம் பிடிபடும். அதற்குப்பின் சும்மா போகும்போதுகூட நடக்கத் தோன்றாது. வலது பொத்தானைத் தட்டித்தட்டிப் பறந்துகொண்டே இருப்பீர்கள். இரண்டு பெரிய கோட்டைகளைத் திரும்பத்திரும்பக் கடக்கச் சொல்லும் ஆட்டம் அலுக்காமல் இருப்பது இந்த ஒரு வசதியால்தான். நான் சொல்வது மிகையாகத் தோன்றலாம்: இதை ஆடிவிட்டு 'ஏரியா'வுக்குத் திரும்பினால் சோமா சேற்றில் நடப்பதுபோல இருக்கும்.

சாட்டை ஒன்றுதான் என்பதற்கும் ஈடு இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவில்லை என்று ஊகிக்கிறேன். கத்தி, கோடரி, புனிதநீர், சிலுவை போன்ற துணை ஆயுதங்கள் விளக்குகளை உடைத்தால் கிடைக்கும். நெருப்பு, பனி, மின்னல், காற்று என்று மந்திரப் புத்தகங்கள் கோட்டையில் ஆங்காங்கே கிடக்கின்றன. ஒரு புத்தகத்தை இயக்கிவிட்டுத் துணை ஆயுதத்தை வீசினால் இரண்டும் கலந்து முற்றிலும் வேறொரு மந்திரமாகும். அதற்குச் செலவாகும் மந்திர சக்தி தானாகவே மீண்டும் ஊறும். ஆகவே சேமித்துவைப்பது வீண். ஒவ்வொரு அறையிலும் தாராளமாகச் செலவழியுங்கள். உங்களுக்குச் சாட்டை மட்டுமே தெரிகிறது என்றால் ஆட்டத்தில் பாதியை மூடிவைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில கலவைகள் அளவுக்கு மீறி வலுவானவை. பெரிய எதிரிகள்கூட நிமிடத்தில் சுருண்டுவிடுவார்கள். அது இந்த ஆட்டத்தின் உண்மையான பலவீனம், 'ஏரியா'வோடு ஒப்பிடாமலே சொல்லக்கூடியது. சவால் வேண்டுமென்றால் பெரிய எதிரிகளிடம் மட்டும் புத்தகத்தை அணைத்துவிடுங்கள்.

வழி தொலையாமல் இருக்க ஒரு தாளும் பென்சிலும் போதும். திறக்க முடியாத கதவு, எட்டாத மேடை, நுழைய முடியாத சந்து எதைக் கண்டாலும், முதல் கோட்டையா இரண்டாவதா என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழுக்கிச் செல்லுதல், இரட்டைத் தாவல், உயரத் தாவல் என்று ஒவ்வொரு திறன் கிடைக்கும்போதும் குறிப்பைப் புரட்டினால் அடுத்து எங்கே என்பது தெரிந்துவிடும். இடம் மாற்றும் அறைகளில் இரண்டு வகை இருப்பதையும் கவனியுங்கள்: ஒன்று அதே கோட்டைக்குள் தொலைவுக்குக் கொண்டுபோகும், மற்றது கோட்டையையே மாற்றிவிடும். உங்கள் குழப்பத்தில் பாதி இரண்டாவது வகையிடம் வாங்கியது.

முழு வழிகாட்டியை வைத்துக்கொண்டு ஆடவேண்டாம், ஒரே ஒரு இடத்தைத் தவிர. 'ஏரியா'வில் குறிப்பிட்ட மூன்று ஆன்மாக்களை அணிந்திருந்தால்தான் உண்மையான முடிவு திறந்தது, நினைவிருக்கும். இங்கே அந்த வேலையை இரண்டு கைவளைகள் செய்கின்றன: ஒன்று ஜஸ்ட் பெயர் பொறித்தது, மற்றது அவன் நண்பன் மாக்சிமின் பெயர் பொறித்தது. கடைசி மோதலுக்கு இரண்டையும் அணிந்துகொண்டு, இரண்டாம் கோட்டையின் வழியாகப் போங்கள். வேறு எப்படிப் போனாலும் ஆட்டம் முடியும், ஆனால் முடிந்தவிதம் உங்களை வருத்தும். மற்றபடி ஓர் அறையை அலங்கரிக்க மேசை நாற்காலி சேர்க்கும் வேலையும் உண்டு. எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

தொடரலாமா என்ற கேள்விக்கு ஒரு கெடு வைக்கிறேன். மரணத்தை எதிர்கொண்டு, இரட்டைத் தாவலும் கையில் கிடைக்கும்வரை ஆடுங்கள். அதற்குள் அந்த வலது பொத்தான் உங்களுக்கு ஒரு சந்தோஷத்தையும் தரவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். அதன்பின் வருவதும் இதே பண்டம்தான், அளவு மட்டும் கூடும். பிடித்துப்போய் முடித்துவிட்டால், 'ஏரியா'வில் ஜூலியஸ் என்று பெயர் கொடுத்து மறுபடி தொடங்கினீர்களே, அதேபோல இங்கே மாக்சிம் என்று ஆங்கில எழுத்துகளில் பெயர் கொடுங்கள், அவனாகவே ஆடலாம். ஜஸ்டைவிட வேகமானவன் அவன்.

முடித்த கையோடு 'சர்க்கிள் ஆஃப் தி மூன்' பக்கம் போய்விடாதீர்கள். அதில் ஓட வேண்டுமென்றால் திசைப் பொத்தானை இருமுறை தட்டவேண்டும், கடினமும் அதிகம், மந்திரத்துக்கான சில அட்டைகளை எதிரிகளிடமிருந்து விழவைக்க ஒரே எதிரியை மணிக்கணக்கில் அடிக்கவேண்டிவரும். பாய்ந்து பழகிய விரல்களுக்கு அது தண்டனை. இரண்டு மாதம் வேறு ஏதாவது ஆடிவிட்டு வாருங்கள்.