செல்லோவிலிருந்து டபுள் பேஸுக்கு: எந்த வில்?

கேள்வி: நான்கு வருடம் செல்லோ வாசித்துவிட்டு, வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பேஸுக்கு வந்திருக்கிறேன். ஆசிரியர் ஜெர்மன் வில் பிடிக்கிறார். என் கை பிரெஞ்சு வில்லுக்கே போகிறது. ஜெர்மன் வில்லில்தான் ஒலி கனமாக வரும் என்கிறார்களே, எதை வாங்கட்டும்?

பதில்: முதலில் அந்தக் 'கனம்' பேச்சை விட்டுவிடுங்கள். பேர்பெற்ற பேஸ் கலைஞர்களில் கேரி கார் ஜெர்மன் வில்லில் வாசித்தவர், பிரான்சுவா ரப்பாத் பிரெஞ்சு வில்லில் வாசிப்பவர். இருவர் பதிவையும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆள் வித்தியாசம் உடனே தெரியும். வில் எதுவென்று காதை வைத்துச் சொல்வது கடினம்.

வித்தியாசம் கையில்தான் இருக்கிறது. பிரெஞ்சு வில்லைச் செல்லோ வில் போலவே மேலிருந்து பிடிப்பீர்கள். கட்டைவிரல் வளைந்து குச்சிக்கு அடியில் போகும். ஜெர்மன் வில்லில் முடியைப் பிடித்திருக்கும் அடிக்கட்டை உயரமானது. உள்ளங்கை பக்கவாட்டில் திரும்பி, கைகுலுக்குவது போல அதைச் சுற்றிக்கொள்ளும். கட்டைவிரல் குச்சியின் மேல் படியும், சுண்டுவிரல் கட்டையைக் கீழிருந்து தாங்கும். வில்லால் வாசிக்கும் பழைய வயோல் வாத்தியங்களின் பிடிக்கு இது நெருங்கிய உறவு. அந்தக் காலப் பேஸ் கலைஞர்களில் டிராகொனெட்டி (1763–1846) ஜெர்மன் வில் போன்ற கீழ்ப்பிடிக்காரர், அவருக்குப் பின் வந்த பொட்டெசினி (1821–1889) பிரெஞ்சு வில் போன்ற மேல்பிடிக்காரர். வியன்னா, பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுக்களில் இன்றும் ஜெர்மன் வில்தான். இரண்டும் அக்கம்பக்கத்தில் வாசிக்கும் இசைக்குழுக்களும் நிறைய உண்டு.

சரி, உங்கள் விஷயம். செல்லோ பழக்கத்தால் பிரெஞ்சு வில் முதல் வாரமே கைக்கு வரும். அதை நம்பி ஏமாறாதீர்கள். செல்லோ வில் சுமார் 80 கிராம். பேஸ் வில் பெரும்பாலும் 130 கிராமுக்கு மேல். தடித்த கம்பியில் அந்த எடையை மேலிருந்து ஆளும்போது கட்டைவிரல் தானாக இறுகும், அப்புறம் மணிக்கட்டு வலிக்கும்.

வாங்குமுன் இரண்டையும் இரவல் வாங்கி, விரல் வைக்காத திறந்த ஈ (E) கம்பியில் அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக, மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். நுனியை நெருங்கும்போது ஒலி மெலிகிறதா? அங்கே பிரெஞ்சு வில்லுக்கு ஆள்காட்டி விரல் சாய்ந்து எடை தரவேண்டும். ஜெர்மன் வில்லில் மேலே படிந்த கட்டைவிரல் அதைச் செய்யும். தோள் எதில் தூக்காமல் இருக்கிறது என்று கண்ணாடியில் கவனியுங்கள்.

ஆனாலும் என்னைக் கேட்டால், உங்கள் ஆசிரியருக்குப் பிரெஞ்சு பிடியும் நன்றாகச் சொல்லித்தர வந்தால் தவிர, ஜெர்மன் வில்லையே எடுங்கள். தன் கையில் இருக்கும் பிடியில் நடக்கும் தவறு ஆசிரியர் கண்ணுக்கு உடனே படும்; தொடக்கத்தில் உங்களுக்கு அதுதான் வேண்டும். முதல் வருடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்காதீர்கள்.